தத்துவத்துக்குச் சோறிட்ட சீமை

பி.ஏ. தேறிய பிள்ளை ஒருவன், மேற்கொண்டு தத்துவ சாஸ்திரத்தில் எம்.ஏ. வாசிக்கப் போவதாக வீட்டில் வாய்விட்டுச் சொன்னால், புதுக்கோட்டைச் சீமையில் மட்டுமன்று, தமிழ்நாட்டின் எந்த மூலையிலும் அவனை நோக்கி முதலில் எழுகிற கேள்வி, "அது சோறு போடுமா?" என்பதே. கேட்பவரை அற்பர் என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. வயிறு உள்ளவர் எவரும் கேட்கத்தக்க கேள்வி அது. உள்ளதா இல்லதா என்று உலகத்தையே ஐயுற்ற பெரியோர்களும் உச்சிப்பொழுதில் இலை போட்டதும் உட்கார்ந்தவர்கள்தாம். முற்காலத்தில் அக்கேள்விக்கு விடை சொல்லும் பாரம் படிக்கிறவன் தலையில் வைக்கப்படவில்லை. அரசனோ, சிற்றரசனோ, மடாதிபதியோ, வணிகனோ அவ்விடையை முன்கூட்டியே கல்லில் வெட்டி வைத்தான், அல்லது நெல்லாக அளந்து வைத்தான். புதுக்கோட்டையின் நெடிய சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்கையில், அங்கே தத்துவக் கல்வி வளர்ந்த கதை பெரும்பாலும் அதற்கு யார் சோறிட்டார்கள் என்ற கதையாகவே எனக்குத் தோன்றுகிறது.

நகரத்துக்கு வடமேற்கே சித்தன்னவாசல் குன்றின் மேல், பாறையில் செதுக்கிய கால்வைப்புகளைப் பற்றி இறங்கிச் செல்ல வேண்டிய ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தில், தலைமாட்டைச் சற்றே மேடாக விட்டு மழமழவென்று தேய்த்த 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. அவற்றுள் மிகப் பழையதை அடுத்துள்ள தமிழ்ப் பிராமி எழுத்து, கிறிஸ்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படுகிறது. ஒரு பொருளைப் பற்றி எந்தக் கூற்றும் ஒரு நோக்கில்தான் உண்மை, மறுநோக்கில் வேறு என்று அநேகாந்தம் பேசிய சமண முனிவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்குக் குறையாமல் அந்தக் கல்லில் படுத்து எழுந்திருக்கிறார்கள். கீழே அறிவர் கோயிலை ஒன்பதாம் நூற்றாண்டில் புதுக்கிய இளங்கௌதமன் என்பவன் மதுரை ஆசிரியன் என்றே கல்வெட்டில் குறிக்கப்படுகிறான். அந்த முனிவர்களுக்கு மடைப்பள்ளி கிடையாது. இறங்கி வந்து ஊரார் இட்ட பிக்ஷையை ஏற்று மறுபடி ஏற வேண்டும். ஆகையால் இந்தச் சீமையில் தத்துவத்துக்கு முதன்முதல் சோறிட்டவர்கள் பெயர் எழுதப்படாத குடியானவப் பெண்டிர்தாம் என்று கொள்வதில் தவறில்லை.

அரசன் பெயரால் சோறு ஏற்பட்ட இடம் கொடும்பாளூர். சிலப்பதிகாரத்திலேயே மதுரைக்குப் போகும் வழியில் குறிக்கப்பட்ட இவ்வூர், பத்தாம் நூற்றாண்டில் இருக்குவேள்களின் தலைநகராக விளங்கியது. அவ்வம்சத்துப் பூதி விக்கிரமகேசரி என்பவன் தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்ற தன் தேவியர் இருவர் பெயராலும் மூவர் கோயில் எனப்படும் மூன்று விமானங்கள் எடுப்பித்தான். அவற்றுள் இரண்டு இன்றும் நிற்கின்றன. மூவர் கோயிலின் சிற்ப வனப்பைக் காண வருகிறவர்கள், அங்குள்ள வடமொழிக் கல்வெட்டின் பிற்பகுதியைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வேதங்களில் வல்லவரும், வித்தியாராசி, தபோராசி என்னும் இரு குருமார்களிடம் பயின்றவருமான மதுரை மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுகச் சைவத் துறவிக்கு அவ்வேந்தன் ஒரு பெரிய மடத்தை அளித்து, 50 தவசிகளுக்கு நாள்தோறும் அன்னமிடுவதற்காகப் பதினொரு ஊர்களையும் சேர்த்து வழங்கினான் என்று அது கூறுகிறது.

பதினொரு ஊர்களின் விளைவு ஐம்பது பேர் உண்பதற்கு! வானம் பார்த்த பூமியாகிய அந்தப் பக்கத்தை அறிந்தவர்களுக்கு இக்கணக்கு விசித்திரமாகத் தோன்றாது. ஒரு கண்மாய் நிறையாத வருஷத்தில் இன்னொன்றாவது நிறையும் என்ற எதிர்பார்ப்பில்தான் அங்கே எந்தத் தருமமும் பல ஊர்களின் மேல் பரப்பி வைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தவசிகள் உண்டபின் என்ன படித்தார்கள் என்று கொடும்பாளூர்க் கல்வெட்டு விவரிக்கவில்லை. ஆனால் அதே சம்பிரதாயத்தார் கன்னட நாட்டுப் பள்ளிகாவில் நடத்திய கோடிய மடத்தைப் பற்றிய 1162-ஆம் ஆண்டுச் சாசனம், அங்கே வேதங்களும், பல வியாகரணங்களும், நியாயம், வைசேஷிகம், மீமாம்சை, சாங்கியம், பௌத்தம் முதலிய தரிசனங்களும் போதிக்கப்பட்டதாகவும், ஏழைகளுக்குச் சோறும் நோயாளிகளுக்கு மருந்தும் அளிக்கப்பட்டதாகவும் நீண்ட ஜாபிதா ஒன்றைத் தருகிறது. இராமானுஜர் முதலான வைஷ்ணவ ஆசாரியர்கள் காளாமுகரைக் கபாலத்தில் உண்பவர், பிணச்சாம்பல் பூசுபவர் என்று எழுதிவைத்ததையே நம்பி, அவர்களை வெறும் சுடுகாட்டுக் கூட்டமாகக் கருதிவந்தவர்கள் பலர். எதிர்க்கட்சிக்காரர் எழுதிய குறிப்பைக் கொண்டு ஒருவரை மதிப்பிடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு, பகைப்பதற்குரிய பௌத்தத்தையும் பாடமாக வைத்துப் படித்த அந்தத் தார்க்கிகர்களே சான்று. கொடும்பாளூர் மடமும் அதே மரபில் வந்ததாகையால், தர்க்கத்தின் வாசனை அங்கே வீசியிராது என்று நம்ப எனக்கு இயலவில்லை.

தென்கிழக்கே ஆவுடையார்கோயிலுக்கு வந்தால் நிலைமை வேறு. திருப்பெருந்துறை என்று திருமுறைகள் போற்றும் இத்தலத்தில், குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொருளோடு வந்த அமைச்சர், குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு, அரசன் பொருளைக் கோயிலுக்கே செலவிட்டுவிட்டு மாணிக்கவாசகராக மாறிய வரலாற்றைத் தமிழரிடம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மூலஸ்தானத்தில் ஆவுடையார் மட்டும் உண்டு, பாணம் இல்லை, எதிரே நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. அருவமாகிய பரம்பொருளைப் பற்றிப் புத்தகத்தில் எத்தனை பக்கம் எழுதினாலும் விளங்காத விஷயம், அந்தச் சந்நிதியில் நிற்பவனுக்கு ஒரு கணத்தில் பிடிபடக்கூடும். நிவேதனமோ இன்னும் வேடிக்கையானது. புழுங்கலரிசிச் சோற்றைக் கீரையோடும் பாகற்காயோடும் சுடச்சுடக் கொண்டுவந்து கருவறைக்கு முன்னுள்ள பெரிய கற்பலகையில் கொட்டிப் பரப்புகிறார்கள். அதிலிருந்து எழும் ஆவிதான் சுவாமிக்கு, சோறு அடியாருக்கு. உருவமில்லாதவனுக்கு உருவமில்லாத உணவு என்று இதைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவர் சித்தாந்தத்தையும் அறிந்திருந்தார், பசியையும் அறிந்திருந்தார். கொடுங்கை வேலையின் நுட்பத்துக்காகச் சிற்பிகள் நெடுநாளாகக் கொண்டாடும் இக்கோயிலை நிர்வகிக்கும் திருவாவடுதுறை ஆதீனம், மெய்கண்டாரின் பன்னிரண்டு சூத்திரங்களுக்குப் பேருரை வகுத்த சிவஞான முனிவரைப் பெற்ற மடம். 1785-இல் மறைந்த அம்முனிவர் போன்றவர்கள் உரை எழுதிக்கொண்டிருந்த மடங்களில், கோயில் நிலங்களின் நெல் எரிபொருளாகச் சமையற்கட்டும் பாடமும் ஒரே கூரையின் கீழ் நடந்துவந்தன.

புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் அரசர்கள் காலத்தில்தான் இந்த விவகாரம் முழு நாடகமாக உருவெடுக்கிறது. அதன் நாயகர் பேசாதவர்.

தஞ்சை மராட்டிய மன்னர் சகஜி 1693-இல் திருவிசநல்லூரைச் சகஜிராஜபுரம் என்று பெயரிட்டு 46 வித்வான்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். இராமபத்திர தீக்ஷிதர் போன்றவர்கள் குடியிருந்த அந்த அக்கிரகாரத்தில் வாசித்த மாணவர்களுள் சிவராமகிருஷ்ணன் என்ற இளைஞர் வாதம் செய்வதில் அடங்காத உற்சாகமுடையவர். வந்த பண்டிதர் எவரையும் விடாமல் மடக்கிக்கொண்டே இருந்தவரை, அவருடைய குரு பரமசிவேந்திர சரஸ்வதி, ஊரார் வாயையெல்லாம் அடைக்கக் கற்றாயே, உன் வாயை அடைக்க எப்போது கற்பாய் என்ற பொருள்படக் கேட்டார் என்றும், அக்கணமே அவர் மௌனம் பூண்டார் என்றும் சொல்வர். அவர்தாம் சதாசிவ பிரம்மேந்திரர். பிரம்ம சூத்திரத்துக்கு விருத்தி எழுதிய கை, பின்னர் காவிரிக் கரைகளிலும் காடுகளிலும் கௌபீனமுமின்றித் திரிந்தவரின் கை.

1738-ஆம் ஆண்டளவில், புதுக்கோட்டைக்குக் கிழக்கே திருவரங்குளம் காட்டில் விஜயரகுநாதராய தொண்டைமான் அவரைக் கண்டார் என்பது சமஸ்தானத்தின் ஐதிகம். உபதேசம் வேண்டி நின்ற அரசருக்கு மௌனி என்ன சொல்வார்? தரையிலிருந்த மணலில் விரலால் மந்திரத்தை எழுதினார். சில கட்டளைகளையும் எழுதி, மேற்கொண்டு வழிகாட்டத் தம்மோடு ஒருசாலை மாணாக்கராயிருந்த பிக்ஷாண்டார்கோயில் கோபாலகிருஷ்ண சாஸ்திரியாரை அழைத்துக்கொள்ளுமாறு குறித்துவிட்டு நடந்துவிட்டார். அரசர் செய்த முதற்காரியம், அந்த மணலை அள்ளித் தம் உத்தரீயத்தில் முடிந்துகொண்டு வந்ததுதான். அரண்மனையில் தக்ஷிணாமூர்த்தி சந்நிதியில் அது தலைமுறை தலைமுறையாகப் பூஜையில் இருந்துவந்தது. அள்ளியவுடன் எழுத்து அழிந்திருக்கும் என்பதை அரசர் அறியாமலா இருந்திருப்பார்? எழுத்துப் போனாலும் எழுதிய இடம் தம்மோடு வரட்டும் என்று நினைத்தார் போலும்.

கோபாலகிருஷ்ண சாஸ்திரியார் பதஞ்சலியின் மகாபாஷ்யத்தில் பெரும்புலமை பெற்றவர். அவர் இராஜகுருவாக வந்து, நிலமானியம் பெற்று, நவராத்திரி விழாவை ஒழுங்குபடுத்தினார். வாய் திறவாத ஒருவர் மணலில் எழுதிய கட்டளையிலிருந்து, ஆண்டுதோறும் பண்டிதர்கள் வாய் ஓயாமல் வாதம் செய்யும் சதஸ் ஒன்று பிறந்தது என்பதை எண்ணும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது, பிரம்மேந்திரருக்கும் வந்திருக்கும்.

நவராத்திரி நாட்களில் சுற்றுவட்டத்துப் பிராமணர்கள் திரளாக வந்து அரிசி வாங்கினார்கள். அரிசியோடு ஆளுக்கொரு செப்புக்காசும் கிடைத்தது. அம்மன் காசு என்ற அந்த நாணயம், கட்டைவிரல் நகத்தளவுகூடத் தேறாத கனத்த துணுக்கு. ஒரு புறம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள். தேய்ந்த காசில் அம்மனைக் காண்பதற்குப் பக்தியோடு நல்ல கண்ணும் வேண்டும். மறுபுறம் தெலுங்கு லிபியில் விஜய என்ற எழுத்துக்கள். இருபது காசு சேர்ந்தால் ஓர் அணா. பிற்காலத்தில் இங்கிலாந்தில் அச்சடித்து வரவழைத்த காசுகள் வட்டமாகவும் துலக்கமாகவும் இருக்கும். அழகு என்னவோ பழைய கோணல் காசில்தான். இது பொதுத்தானம், சாஸ்திர வித்வான்களுக்குரிய சம்பாவனை இதனினும் வேறானது, அவரவர் தகுதிக்கேற்ப ஏறி இறங்குவது.

இத்தகைய சதஸ்களில் வாக்கியார்த்தம் நடக்கும் முறையை அறியாதவர்கள் அதை ஏதோ பஜனைக் கூட்டம் என்று எண்ணிவிடக் கூடும். ஒருவர் தாம் கற்ற கிரந்தத்திலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து வைப்பார். எதிரிலிருப்பவர் பூர்வபக்ஷம் எழுப்புவார். இலக்கணத்தில் கூறும் வியாப்தி இந்த இடத்தில் பொருந்தவில்லை, அந்த இடத்தில் மிகைபடுகிறது என்று ஆக்ஷேபம் வந்துகொண்டே இருக்கும். சமாதானம் சொல்லிச் சித்தாந்தத்தை நிலைநாட்ட வேண்டும். ஏட்டைத் திருப்பிப் பார்ப்பது இழுக்கு. அன்னம்பட்டரின் தர்க்க சங்கிரகத்தில் தொடங்கி, முக்தாவளியைக் கடந்து, கதாதரரின் வாதநூல்களில் பல வருஷம் உழன்ற பிறகே ஒருவன் அந்தச் சபையில் உட்காரத் துணிவான். குருவின் வீட்டில் தண்ணீர் சுமந்து, வாரச் சாப்பாடு சாப்பிட்டு, பன்னிரண்டு ஆண்டு படித்தவனுக்குப் பட்டம் என்று ஒரு காகிதம் கிடையாது. பெரியவர் ஒருவர் தலையசைத்தால் அதுவே பட்டம்.

இந்தப் பெருமையை நான் கண்ணை மூடிக்கொண்டு பாடமாட்டேன். அந்தச் சபையில் வடமொழி அறியாதவனுக்கு இடமில்லை. பிராமணரல்லாத புலவன் அங்கே வாதியாக அமர்வது நினைக்கவும் இயலாதது. பெண்ணின் நிழலும் விழாது. மானிய நிலத்தை உழுதவன் அளந்த நெல்லிலே அனுமானப் பிரமாணம் செழித்தது, அவன் பிள்ளைக்கோ அரிச்சுவடியும் அரிது. சமஸ்தானத்து நிலத்தில் பெரும்பங்கு இனாமாகப் போயிருந்ததால் கஜானாவுக்கு வந்ததும் சொற்பமே.

1878-இல் திவானாக வந்து, 1886 முதல் 1894 வரை வயது வராத அரசருக்காக ரீஜண்டாக இருந்த சர் ஏ. சேஷய்ய சாஸ்திரியார் கணக்குப் பார்க்கத் தெரிந்த மனிதர். திருவாங்கூரில் திவான் பதவி வகித்துவிட்டு வந்தவர். புதுக்கோட்டை நகரத்தின் நேரான அகலத் தெருக்களை அமைத்த அதே கையால் தசரா என்னும் நவராத்திரி விழாவையும் அவர் திருத்தினார். வேதத்திலும் சாஸ்திரங்களிலும் பரீட்சை வைத்து, தேறியவர்களுக்கு அவரவர் தரத்துக்கேற்பப் பரிசளிக்கும் வழக்கம் அவர் காலத்தில் வந்ததென்று சமஸ்தான வரலாறு கூறும். இந்தச் சிறிய மாறுதலைப் பெரிய மாறுதலாகவே நான் கருதுகிறேன். பிறப்பாலும் வருகையாலும் கிடைத்த அரிசிக்குப் பக்கத்தில், தேர்வால் மட்டும் கிடைக்கும் பணம் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. சர்வகலாசாலையின் காற்று அரண்மனைக்குள் புகுந்த நாள் அது.

மகாராஜா கலாசாலை அப்போது எஃப்.ஏ. வரை கற்பிக்கும் இரண்டாந்தரக் கலாசாலையாக வளர்ந்திருந்தது. அங்கே ஆசிரியராயிருந்த பி.வி. காமேசுவர ஐயர், எம்.ஏ., புருஷ சூக்தத்துக்கும் சந்தியாவந்தன மந்திரங்களுக்கும் ஆங்கிலத்தில் விளக்கம் எழுதியவர். சேஷய்ய சாஸ்திரியாரின் ஜீவிய சரித்திரத்தையும் 1902-இல் வெளியிட்டவர். பகலில் ஆங்கிலமும் அந்தியில் சூக்தமுமாக வாழ்ந்த அத்தகைய மனிதரிடத்தில்தான், பட்டம் என்ற புதுக்காகிதமும் பாஷ்யம் என்ற பழைய ஏடும் முதன்முதல் இந்த ஊரில் சந்தித்தன. 1904-இல், பெற்றோர் பலர் ஆக்ஷேபித்தும் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைப் பொருட்படுத்தாமல் முத்துலட்சுமி என்ற பெண்ணை அக்கலாசாலையில் சேர்க்க உத்தரவிட்டு உபகாரச் சம்பளமும் அளித்தார். அந்த அம்மையார் வைத்தியத்துக்குப் போய்விட்டார். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் அவர் தொடுத்த வாதத்தைக் கேட்டிருந்தால் பழைய சதஸின் தார்க்கிகர்கள் வியந்திருப்பார்கள்.

அதற்கு மேல் படிக்க விரும்பியவன் ஊரைவிட்டுப் போயாக வேண்டும். திருமயத்தில் பிறந்த எஸ். சத்தியமூர்த்தி போனதுபோல, மகாராஜா கலாசாலையிலிருந்து சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலைக்குப் போவது அக்காலத்தில் பழகிப்போன பாதை. அதே கலாசாலையில் 1908-இல் வேதாந்தத்தின் ஒழுக்கவியலைப் பற்றி எம்.ஏ. பட்டத்துக்குக் கட்டுரை எழுதியவர் எஸ். இராதாகிருஷ்ணன். அவர் தத்துவத்தைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் தத்துவ தாகம் என்று நாம் நினைப்போம். பட்டப்படிப்பை முடித்த உறவினர் ஒருவர் மனோதத்துவம், தர்க்கம், ஒழுக்கவியல் என்று மூன்று பாடப்புத்தகங்களைச் சும்மா கொடுத்ததால் புத்தகச் செலவு மிச்சமாயிற்று என்பதே உள்ளது. பதினொரு ஊர்கள் செய்த வேலையை அவ்விடத்தில் மூன்று பழம்புத்தகங்கள் செய்தன. பின்னர் 1927-இல் சென்னைச் சர்வகலாசாலையில் தத்துவத் துறை ஏற்பட்டு, எஸ்.எஸ். சூரியநாராயண சாஸ்திரியார் அதன் தலைவரானபோது, வாசஸ்பதி மிச்ரரின் பாமதி முதலிய கிரந்தங்கள் மூலமும் ஆங்கிலமுமாகப் பதிப்பிக்கப்பட்டு மாணவர் மேஜைக்கு வந்தன. சதஸில் வாய்மொழியாகத் தேய்ந்த வாக்கியங்கள் மூன்று மணிநேர வினாத்தாளில் வந்து ஏறின.

இதே காலத்தில் வேறோர் அடுப்பும் புகைந்துகொண்டிருந்தது. பர்மாவில் ஐராவதிக் கழனிகளின் நெல்லுக்குக் கடன் கொடுத்துப் பொருள் ஈட்டிய நகரத்தார், அந்தப் பொருளில் ஒரு பகுதியைத் தமிழுக்கும் சைவத்துக்கும் திருப்பினார்கள். மேலைச்சிவபுரியில் 1909-இல் நிறுவப்பட்ட சன்மார்க்க சபையின் மூளையாக இருந்தவர் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார். இளம்பிள்ளைவாதம் கண்ட காலுடன், திண்ணைப் பள்ளியில் சில மாதங்களே இருந்த இம்மனிதர், தாமே முயன்று வடமொழியும் சைவ சித்தாந்தமும் கற்று, மிருச்சகடிகத்தையும் கௌடலீயத்தையும் தமிழாக்கி, திருவாசகத்துக்குக் கதிர்மணி விளக்கம் எழுதினார். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் சிதம்பரத்தில் தோற்றுவித்த சர்வகலாசாலையில் பேராசிரியராகவும் விளங்கினார். 1942-இல் அரசாங்கம் அவருக்கு மகாமகோபாத்தியாயர் பட்டம் அளித்தது. அரண்மனைச் சதஸில் எந்த வரிசையில் உட்காரவைப்பது என்று தெரியாமல் திகைத்திருக்கக்கூடிய ஒருவருக்கு, எந்தச் சபையும் அளிக்கவல்ல உச்சப் பெயர் அது. இந்த ஒரு வாழ்க்கையைச் சேஷய்ய சாஸ்திரியாரின் பரீட்சைகள் அனைத்துக்கும் மேலாக மதிக்கிறேன்.

1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து திருச்சி ஜில்லாவில் சேர்ந்தது. 1974 ஜனவரி 14-இல் தனி மாவட்டமாயிற்று. மானியங்கள் போயின. சைவ சித்தாந்தம் கற்க விரும்புவோருக்குத் திருவாவடுதுறை ஆதீனம் ஊர்தோறும் பயிற்சி மையங்கள் வைத்து நடத்துகிறது. அரசு அலுவலரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஆர்வத்தால் வந்து அமர்கிற அவ்வகுப்புகளுக்குச் சோற்றுப் பிரச்சினை இல்லை, அது அவர்களுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. தீராதது எம்.ஏ. வாசிக்கும் இளைஞனுக்குத்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வில் தத்துவப் பாடத்தில் முன்வரிசையில் தேறினால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. கொடும்பாளூர் வேந்தன் கொடுத்த பதினொரு ஊருக்கு இன்றைய ஈடு அதுவே. ஆனால் எழுதுவோர் தொகைக்கு முன்னால் பெறுவோர் தொகை மிகச் சிறிது.

பெரும்பாலான இளைஞர்கள் வேறொரு வாசலால் தத்துவத்துக்குள் நுழைகிறார்கள். இந்திய ஆட்சிப்பணித் தேர்வின் விருப்பப் பாடங்களுள் தத்துவம் ஒன்று. பாடத்திட்டம் சுருக்கமானது என்பதால், கல்லூரியில் பொறியியல் படித்தவர்கள்கூட அதை எடுக்கிறார்கள். தாளுக்கு 250 வீதம் இரண்டு தாள், 500 மதிப்பெண். விரும்பினால் தமிழிலேயே எழுதலாம். புதுக்கோட்டை நூலகத்தில் வினாவிடைக் குறிப்பை வைத்துக்கொண்டு ஒரு மாணவன் வியாப்தியை மனனம் செய்வானானால், பரிசுக்காகப் படிக்கிறான் என்று அவனை இகழ எனக்கு உரிமையில்லை. தசராப் பரீட்சைக்கு வந்தவர்களும் பரிசுக்காக வந்தவர்களே. என் குறை வேறு. அந்தப் பாடத்திட்டத்தில் சித்தன்னவாசல் முனிவர்களின் சமணம் இருக்கிறது. காளாமுகர் பயின்ற நியாயமும் வைசேஷிகமும் இருக்கின்றன. பிரம்மேந்திரரின் வேதாந்தம் இருக்கிறது. பிளேட்டோவிலிருந்து விட்கன்ஸ்டைன் வரை ஐரோப்பியர் வரிசையாக நிற்கிறார்கள். திருப்பெருந்துறையின் சைவ சித்தாந்தத்துக்கு மட்டும் தனித்தலைப்பு ஒன்றும் இல்லை. மெய்கண்டாரை வாசித்தவன் அந்த வாசிப்புக்காக அங்கே ஒரு மதிப்பெண்ணும் பெறமாட்டான்.